கோட்டு பட்டன் டப்பா

டாக்டரிடம் சொல்லி மாத்திரைகளை ஒரேயடியாக நிறுத்திவிடுவது என்று டெய்லர் முடிவு கட்டிவிட்டார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் மனைவியைக் கேட்காமல் அவர் எடுத்த இரண்டாவது முடிவு அது. முதலாவதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

உடம்பைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்து ஆறு மாதம் ஆகிறது. நாற்பது கிலோ போய்விட்டது. கூடவே தெம்பும் போனதுதான் கொடுமை. கத்தரியோடு பத்து நிமிஷம் நின்றால் கால் தள்ளாடியது. ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவைத்தார். கேட்க வந்தவரிடம், "உங்க வலது கை அப்படி என்ன வேலை பண்ணுது?" என்று எரிந்து விழுந்தார். துணியைச் சுருட்டிக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. கடையை இழுத்து மூட வேண்டியதுதானோ என்று டெய்லருக்கு உள்ளூர உதறல். பாவம், அழ வேண்டிய நேரத்திலும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"ஏங்க, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சு! எத்தனை தடவை கேப்பே?"

போட்டது சத்தியம். எங்கே என்பதுதான் அந்த முதல் முடிவு. ஒவ்வொன்றும் கோட்டு பட்டன் பருமன். வாயில் வைத்தால் துருப்பிடித்த ஊசியைச் சப்பின மாதிரி இருக்கும். குப்பையில் போட்டால் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். அதனால் கடையிலிருந்த கோட்டு பட்டன் டப்பாவில் போட்டார். அப்போது கோட்டு தைக்க ஆள் வந்துதான் மாதக்கணக்காகியிருந்ததே!

ஆனால் மூன்று வாரமாக ஒரு அதிசயம். கால் நின்றது. கோபம் தணிந்தது. ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அந்த மனிதர் பயந்துபோய் அளவு கொடுக்காமலே கிளம்பிவிட்டார். உடம்பில் ஊறிக் கிடந்த பழைய மாத்திரையெல்லாம் இப்போதுதான் இறங்கியிருக்கிறது, அதுதான் இந்தத் தெம்பு என்று டெய்லர் தனக்குத் தானே வைத்தியம் பேசிக்கொண்டார்.

டாக்டர் அறையில் மனைவி பக்கம் திரும்பாமலே போட்டு உடைத்தார்.

"நாலு மாசமா ஒரு மாத்திரைகூட முழுங்கல டாக்டர். பாருங்க, எப்படி இருக்கேன்!"

டாக்டர் போன மாத ரத்த ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாடும் கம்மி, சத்தும் சரியா சேராது. அதனாலதான் மாத்திரை. இரும்பு, பி12 குறைஞ்சா சோர்வு வரும், எரிச்சல் வரும். போன மாசம் உங்களுக்கு ரெண்டுமே பாதாளத்துல இருந்துச்சு. இப்ப ஏறியிருக்கே, எப்படி?"

"மன உறுதி, டாக்டர்."

"நான்தான் மூணு வாரமா மாத்திரையை இடிச்சு, மிக்ஸியில அடிச்ச பழத்துல கலந்து குடுக்கறேன்," என்றாள் மனைவி. "இடிக்கலாமான்னு உங்க நர்ஸம்மாகிட்ட போன்ல கேட்டுக்கிட்டேன்."

டெய்லருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடிப்பாவி! அதான் பழம் கசந்துச்சா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா சண்டை போடுவீங்க. சண்டை போடக்கூட உங்க உடம்புல தெம்பு இல்ல. படியில உக்காந்து நீங்க மூச்சு வாங்கினதைப் பாத்து எனக்கு உயிரே போயிடுச்சு." அவள் குரல் கம்மியது.

டெய்லர் அவள் பக்கம் திரும்பினார். ஆனாலும் ஒரு சந்தேகம் மட்டும் அரித்தது.

"அந்த டப்பாவை நீ எப்படித் திறந்தே?"

"போன மாசம் ஒரு கோட்டு ஆர்டர் வந்துச்சே. வெட்டினது நீங்க, தைச்சது நீங்க. பட்டன் கட்டினது யாருங்க?"