புல்லுக்குத் தலைவாரி விட்ட கதை

அன்பும் அறிவும் ஆயில் வாசனையும் ஒருங்கே நிறைந்த என் மருமகள், பட்டறைப் பேரரசி, குடும்பத்தாரால் 'ஸ்பானர்' என்று செல்லமாக அழைக்கப்படுபவளுக்கு,

உன் மாமன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், ட்ராக்டர் நலம். உன் அத்தை எப்படி இருக்கிறாள் என்பதைக் கடிதத்தின் பிற்பகுதியில் தெரிவிக்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. அங்கு நீயும், என் அக்காவாகிய உன் அம்மாவும், உன் பட்டறையில் மல்லாந்து கிடக்கும் வண்டிகளும் நலமடைய என் விருப்பம்.

இனி நான் எழுதப் போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை. நீ நம்பமாட்டாய். உன் அம்மா இதற்குள்ளாகவே "ஆரம்பிச்சுட்டான்" என்று சொல்லியிருப்பாள். ஆனாலும், உத்தியோக காலம் முழுவதும் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து, பொய் சொல்கிறவனை அவன் தூங்குகிற தோரணையிலேயே கண்டுபிடித்தவன் என்ற முறையில் உறுதி கூறுகிறேன்: இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. சில இடங்களில் உன் மனம் தாங்காது என்று குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் ஊருக்கு வெளியே ஆறு ஏக்கரோடும் ஒரு சின்ன ட்ராக்டரோடும் வீடு வாங்கினேன் அல்லவா? வாங்கும்போது அது நிலம். மழை முடிந்தபோது அது புல். வாசலில் நின்றால் கேட் தெரியாது, கேட்டில் நின்றால் வீடு தெரியாது, நடுவில் நின்றால் நானே தெரியமாட்டேன். தபால்காரர் வெளியிலிருந்து கத்துவார், நான் இங்கிருந்து "இடது பக்கம் வாங்க, ஐயோ, அந்த இடது இல்லீங்க" என்று வழி சொல்வேன். ஒருமுறை அவர் உள்ளே நுழைந்து வெளியேறுவதற்குள் அவருக்குப் பதவி உயர்வே வந்துவிட்டது, அந்த உத்தரவையும் அவரே தேடிக் கொண்டுவந்து அவருக்கே கொடுத்துக்கொண்டார். இந்த லட்சணத்தில்தான் உன் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. தினமும் சமதரையில் நிறைய நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கால் இறுகிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூடத்தில் நடந்தாள், எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் சுவர் வந்துவிடுகிறது. வெளியே இறங்கினாள், புல்லுக்கடியில் குழியா, கல்லா, பாதாளமா தெரியவில்லை. கைத்தடி ஒரு குழியில் இறங்கியது, பின்னாலேயே அவளும் இறங்கப் பார்த்தாள், நான் பாய்ந்து பிடித்தேன். அன்று மாலையே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"நம்ம பொண்ணு வீட்டு மாடியில நீளமா வராந்தா இருக்கு. நான் அங்க போய் நடந்துக்கறேன்."

"எப்ப வருவ?"

"நடக்க எடம் பண்ணுங்க, வரேன்."

மகள் காரோடு வந்து அழைத்துப் போனாள். கேட் வரை போய்க் கையசைக்கலாம் என்று நானும் கிளம்பினேன். நான் கேட்டைக் கண்டுபிடிப்பதற்குள் அவர்கள் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, போனும் பண்ணிவிட்டார்கள்.

பக்கத்து நிலத்துக்காரரை உனக்குத் தெரியும். எது நடந்தாலும் "அப்பவே சொன்னேன்" என்பார், அதுவே அவர் பெயராகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"ட்ராக்டர் பின்னாடி மாட்டுற புல்வெட்டி ஒண்ணு வாங்குங்கன்னு நான் அப்பவே சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"நீங்க இந்த வீட்டை வாங்குறதுக்கு முன்னாடியே."

"அப்ப உங்களை எனக்குத் தெரியவே தெரியாதே!"

"அதனால என்ன? மனசுக்குள்ள சொன்னேன்."

அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "மாமா, பெருசா இருக்கேன்னு பார்த்து மயங்கிடாதீங்க. உங்க வண்டி சின்னது. பின் சக்கரம் ரெண்டோட வெளி அகலத்தைக் கொஞ்சம் தாண்டினா போதும். என்ன மாதிரி புல்லுன்னு கடைக்காரர்கிட்ட காட்டுங்க, அவர் பார்த்துச் சொல்வார்." இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு யாரும் புத்தி சொல்ல முடியாது. இதைவிடத் தப்பாக ஒரு மனிதன் அதைப் புரிந்துகொள்ளவும் முடியாது.

காட்டச் சொன்னாய். நம் வீட்டுப் புல் முதல்முறையாக வெளியே நாலு பேர் முன்னால் போய் நிற்கப் போகிறது. கண்ட கோலத்தில் கூட்டிக்கொண்டு போக முடியுமா? குழாயடியில் பட்டுப்போல் வளர்ந்திருந்த இடத்தில் ஒரு பிடி பார்த்து எடுத்தேன். வேர் மண்ணைக் கழுவினேன். உன் அத்தையின் சீப்பால் வாரினேன். நுனி ஏற்ற இறக்கமாக இருந்ததைக் கத்தரிக்கோலால் சீர் செய்து, ஈரத் துண்டில் சுற்றி, ட்ராக்டரில் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் மெல்லிய குரல்காரர். மருத்துவமனையில் கெட்ட செய்தி சொல்ல அவரை வைத்துக்கொள்ளலாம். என் கண் போனது என்னவோ ஒரு மூலையில் நின்ற ராட்சதன் மேல். அதன் அகலத்துக்கு நம் வீட்டு வாசலையே இடிக்க வேண்டும். "இதை மாட்டினா உங்க வண்டியோட முன் சக்கரம் தரையில நிக்காது சார்" என்றார். மாட்டித்தான் பாருங்களேன் என்றேன். மாட்டினார்கள், தூக்கினார்கள். மருமகளே, நம் ட்ராக்டர் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டது. நான் இருக்கையிலிருந்து பார்த்தால் எதிரே வானம், ஒரு பறவை, அவ்வளவுதான். பறவைக்கே என்னைப் பார்த்து வெட்கமாகிப்போய் திரும்பிக்கொண்டது.

இறக்கிவிட்ட பிறகு துண்டைப் பிரித்துப் புல்லைக் காட்டினேன். எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"ரொம்ப நல்ல புல்லு சார். நெலம் முழுக்க இப்படித்தானா?"

"முழுக்க!"

"கல்லு, முள்ளு, புதர் எதுவும்…"

"எங்க வீட்டுலயா? சேச்சே!"

அப்புறம் அந்த மனிதர் என்ன செய்வார்? தட்டையான மூடிக்கடியில் மெல்லிய கத்திகள் சுழலும் ஒன்றைக் கொடுத்தார். புல்தரையை வழவழவென்று சீர் செய்கிற வகை. முடிவெட்டுகிறவர் எல்லாம் முடிந்தபின் பிடரியில் ஓட்டுவாரே, அந்த மெஷினின் பெரியப்பா. அதைக் காட்டுக்குள் விட்டேன். முதலில் அது புல்லை வெட்டியது, பிறகு புல் அதை வெட்டியது. மூடிக்குள் புல் அடைத்து, பெல்ட் கிறீச்சிட்டு, புகை வந்து, கடைசியில் ஒரு கல்லில் மோதிக் கத்தி பல்லிளித்தது. வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. என்ன குரல் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாலை உன் அத்தை போன் செய்தாள்.

"என்னங்க, எடம் ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு."

"எவ்வளவு ஆச்சு?"

எட்டிப் பார்த்தேன். "ஒரு பாய் விரிக்கலாம்."

"அப்ப வந்து படுத்துக்கலாம். நடக்க முடியாது." பிறகு சொன்னாள்: "பொண்ணு என்னை இங்கேயே இருந்துடச் சொல்றா. அங்க போய் எதுக்கும்மா கஷ்டப்படறன்னு கேக்கறா."

"நீ என்ன சொன்ன?"

"யோசிக்கறேன்னு சொன்னேன்."

டிக்கெட் இல்லாமல் வந்த மல்யுத்த வீரர்களை நடுவழியில் இறக்கிவிட்டவன் நான். அந்த ஒரு 'யோசிக்கறேன்' என்னையே நடுவழியில் இறக்கிவிட்டது. அவள் சும்மா ஒன்றை யோசிக்கிற பெண் இல்லை. யோசித்தால் முடிவு செய்வாள். முடிவு செய்தால் அப்புறம் நான் என் சாமான்களைக் கட்டிக்கொண்டு அந்த வராந்தாவில் ஓர் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

மானத்தை விட்டு மறுபடியும் உன்னைக் கூப்பிட்டேன்.

"மாமா, எந்தப் புல்லைக் காட்டினீங்க?"

"நல்ல புல்லை."

அங்கே ஏதோ இரும்பு கீழே விழுகிற சத்தம் கேட்டது. "டாக்டர்கிட்ட போனா நல்லா இருக்கற காலைக் காட்டிட்டு வருவீங்களா மாமா?" என்றாய். அத்தையோடு போனபோது அப்படி ஒன்று நடக்க இருந்தது, அதை விடு. "இருக்கறதுலேயே மோசமானதைக் கொண்டுபோங்க. வாரிவிடாதீங்க. அந்த மெஷினைத் திருப்பிக் குடுத்துடாதீங்க, அதுக்கு வேலை இருக்கு."

வாரியது உனக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் கட்டைவிரல் தடிமனில் ஒரு செடி, என்னையே கிழித்த ஒரு முட்புதர், கோரைக் கற்றை, குழியில் கிடந்த கல், புல்லுக்குள் எப்போது போனதென்றே தெரியாத ஒரு நாற்காலியின் கால், எல்லாவற்றையும் கடைக்காரர் மேஜைமேல் கொட்டினேன். குடும்ப ரகசியத்தைக் கொட்டியது போல் கூசியது. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்குக் கொண்டுவந்தீங்களே சார், அது யார் வீட்டுப் புல்லு?"

"எங்க வீட்டுதுதாங்க. அது வெளியாளுங்க வந்தா காட்டறது."

அந்த மெல்லிய குரல்காரர் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் இரண்டு கழன்று அடுத்த தெருவில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஸ்லாஷர் என்ற ஒன்றின் முன்னால் நிறுத்தினார். கனத்த கத்தி, கல்லில் பட்டால் முறைக்காமல் மடங்கிப் பின்வாங்கி, கல் தாண்டியதும் திரும்ப வந்து வேலையைப் பார்க்கும். குடும்பம் நடத்தத் தெரிந்த கத்தி. அகலம் நீ சொன்ன அளவுதான். "இதை வாங்காதீங்க சார், வாடகைக்கு எடுத்துட்டுப் போங்க. வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவைதான் வேணும். இது அடிச்சுப் படுக்க வைக்கட்டும். அப்புறம் நீங்க கல்லைப் பொறுக்கி, குழியை மூடிட்டு, உங்ககிட்ட இருக்கற மெஷினை வாராவாரம் ஓட்டுங்க." நீ சொன்ன அதே 'வேலை'! விற்க வந்தவர் வாங்காதே என்கிறார், திட்ட வேண்டியவள் வழி சொல்கிறாள். எனக்கு இப்படிப்பட்டவர்கள் கிடைக்க நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன், ஒன்றும் செய்யவில்லை.

ஸ்லாஷரை மாட்டி நானே சிங்கம்போல் ஏறி உட்கார்ந்தேன். அது போன வழியில் புல் சாய்ந்தது, புதர் பொடியானது, ஒளிந்திருந்த உலகம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதலில் கேட். பிறகு நாற்காலியின் மிச்ச மூன்று கால். பிறகு பக்கத்து வீடு. அதற்கு மாடி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு கல்லைப் பொறுக்கி, குழியை மண் போட்டு மிதித்து, சாணை பிடித்த கத்தியோடு நம் பழைய பிடரி மெஷினை வீட்டிலிருந்து கேட்டுக்கும், கேட்டிலிருந்து தூர வேலிக்கும் ஓட்டினேன். வாசலில் ஒரு கடுகு போட்டேன், அது வேலி வரை உருண்டு போய், தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

உன் அத்தை வந்தாள். காரிலிருந்து இறங்கினவள் உள்ளே வரவில்லை. கைத்தடியால் தரையை இங்கே ஒரு குத்து, அங்கே ஒரு குத்து. பிறகு நடக்க ஆரம்பித்தாள். நானும் கையை நீட்டியபடி பக்கத்திலேயே போனேன்.

"கையை எடுங்க. நடக்கறது நானா, நீங்களா?"

எடுத்துவிட்டேன். நிற்காமல் வேலி வரை போனாள். வேலிக்கம்பியைத் தொட்டாள்.

"வராந்தாவுல சும்மா சும்மா திரும்பியே தலை சுத்திப்போச்சுங்க. இங்க நேரா போயிட்டே இருக்கலாம்."

"பொண்ணுகிட்ட என்ன சொன்ன?"

"யோசிச்சு முடிச்சுட்டேன்னு சொன்னேன்."

இது உன்னால் வந்த பாக்கியம். அன்று நீ வழி சொல்லாமல் போனை வைத்திருந்தால் நான் இந்நேரம் இன்னொரு பிடி புல்லுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பேன். நீ தொட்ட என்ஜினெல்லாம் முதல் உதையிலேயே கிளம்பட்டும். உன் கையில் ஸ்பானர் நழுவாமல், கழற்றின நட்டு போல்ட் எல்லாம் அதனதன் இடத்தில் திரும்பப் பொருந்தட்டும். அக்காவுக்கு என் வணக்கம், அவள் நம்பாத பகுதிகளுக்கு என் மன்னிப்பு.

என்றும் உனக்கு நன்றியுள்ள,
மாமன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை உன் அத்தை படித்துவிட்டாள். உறையில் போடுவதற்குமுன் சில திருத்தங்கள் செய்யச் சொல்கிறாள், செய்கிறேன். ஏக்கர் ஆறு இல்லை, இரண்டரை. புல் முழங்கால் உயரம்தான், தபால்காரர் கேட்டிலேயே நிற்பது அவர் பழக்கம். ராட்சதனை மாட்டித் தரக் கடைக்காரர் கடைசிவரை மறுத்துவிட்டார், கும்பிடு போட்டது நான். ஸ்லாஷரை ஓட்டியது சிங்கம் இல்லை, பக்கத்து நிலத்துக்காரர். நான் ஏறினால் விபரீதம் என்று அப்பவே சொன்னாராம். மகள் உன் அத்தையை இருக்கச் சொல்லவே இல்லையாம், 'யோசிக்கறேன்' என்பது எனக்காகத் தயாரித்த மருந்தாம், அப்படிச் சொல்லாவிட்டால் நான் அடுத்த மழைவரை ஒரு பாய் அகலத்தோடு நிறுத்தியிருப்பேனாம். கடுகைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பார்வை பார்த்தாள்.

வேலி வரை நடந்தது மட்டும் உண்மை. கையை எடுக்கச் சொன்னதும் உண்மை. ஆனால் திரும்பி வந்ததை எழுதாமல் விட்டால் தபாலில் போட விடமாட்டேன் என்கிறாள், ஆகவே எழுதுகிறேன்: அத்தனை கல்லையும் குனிந்து பொறுக்கியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது, வேலியிலிருந்து வீடு வரை உன் அத்தைதான் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள்.