டீம் ஐயாவும் ஏழாம் நம்பர் மலையும்

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் அத்தனையிலும், கம்பெனி சொன்னதை ஓர் எழுத்து விடாமல் நம்பிய ஒரே மனிதர் எங்கள் டீம் ஐயாதான். அதனால்தான் அவருக்கு வேலை போனது.

மலையில் கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் உத்தியோகத்தர் அவர். நான் தோட்டத்து ஆபிசில் கிளாக்கர். ஆட்கள் லயத்து வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். லயத்துக் கூரையை மாற்றிக் கொடுத்திருந்தால் சிலராவது நின்றிருப்பார்கள். கம்பெனிக்கு வேறு யோசனை வந்தது. மனம் ஒட்டி வேலை செய்யக் குழு உணர்வு வேண்டுமாம். அதைக் கற்றுவர இவரை இரண்டு நாள் கொழும்புக்கு அனுப்பினார்கள். போகும்போது வாயே திறக்காத மனிதர், திரும்பும்போது கழுத்தில் விசிலோடு வந்தார்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க வந்த பெண்களை இரண்டாகப் பிரித்தார்.

"நீங்க சிங்கம் டீம். நீங்க புலி டீம்."

பெரிய கிளாக்கருக்கு வியர்த்துவிட்டது. "யோவ், எந்த நாட்டுல இருந்துகிட்டு என்ன பேரு வைக்கிற?"

பத்து மணிக்குள் புலி முயலாகிவிட்டது. முயல் டீமிலேயே மூத்தவளான லெச்சுமி அக்கா மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அப்புறம் நம்பிக்கைப் பயிற்சி. ஒருவர் கண்ணை மூடிப் பின்பக்கம் சாய வேண்டும், மற்றவர்கள் பிடிப்பார்கள். "பயப்படாதீங்க, டீம் கைவிடாது" என்று தானே சாய்ந்து காட்டினார். அவர் சாயவும் கொழுந்து நிறுக்க லொறி வரவும் சரியாக இருந்தது. அத்தனை பேரும் கூடையோடு ஓடிவிட்டார்கள். ஐயா தண்ணீர் ஓடும் கான் வாய்க்காலுக்குள் கிடந்தார். சேற்றோடு எழுந்து விசில் ஊதினார்.

"பாத்தீங்களா! ஒருத்தர்கூட பின்தங்காம ஓடினீங்களே, அதுதான் டீம்!"

ஆபிசில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தப் பெண்கள்தான் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அதை நாங்கள் கவனிக்கவில்லை.

ஏழாம் நம்பர் மலையில், மரத்தில் பெரிய குளவிக்கூடு. அதை அகற்றச் சொல்லி ஐயா மூன்று கடிதம் எழுதினார். மூன்றையும் நான்தான் தோட்ட மேனேஜரான துரையின் மேசையில் வைத்தேன். பதிலே வரவில்லை. ஒருநாள் குளவி கலைந்தது. லெச்சுமி அக்காவின் தலை, முகமெல்லாம் கொட்டு. ஐயா தன் ஜாக்கெட்டால் அவளை மூடித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்தாள். வலது கண்ணில் பார்வை திரும்பவேயில்லை.

கொட்டு வாங்கிய மறுநாளே, அதே மலைக்கு ஆள் போக வேண்டும் என்றார் துரை. சிங்கமும் முயலும் சேர்ந்து பெரட்டுக் களத்தில் உட்கார்ந்துவிட்டன.

"யாரு இதுக்குத் தலைவர்?"

"தலைவரெல்லாம் இல்லைங்க. நாங்க டீமுங்க."

துரை ஐயாவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் குடுத்த வேலை என்ன?"

"எல்லாரையும் ஒண்ணா நிக்க வைக்கிறதுங்க சார்." உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருத்திக்கொண்டார். "இப்போ ஒண்ணா உக்காந்திருக்காங்க."

கிண்டலில்லை. மனுஷன் பெருமையாகத்தான் சொன்னார்.

அடுத்த நாள் கூட்டை எரித்தார்கள். அதற்கடுத்த நாள் ஐயாவை நீக்கினார்கள், தொழிலாளரைத் தூண்டினாராம். பெண்கள் மறுபடி உட்காரப் போனார்கள். அவரே தடுத்தார். "உங்க பேரையும் வெட்டிருவாங்க, போங்க." வேலைநீக்கக் கடிதத்தை டைப் செய்தவன் நான். ஆபிசில் எட்டுப் பேர் இருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வருடம் குழு உணர்வுக்கான கேடயம் துரைக்குக் கிடைத்தது. வாழ்த்துரையையும் நான்தான் டைப் செய்தேன்.

போன மாதம் பெரகல சந்தியில் பஸ் நின்றபோது, ஒரு ஹார்ட்வேர் கடையில் அவரைக் கண்டேன். தனியாக ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போனேன்.

"கிளாக்கர் தம்பியா! லெச்சுமி அக்கா கண்ணு எப்படி?"

சொன்னேன். தராசிலிருந்த ஆணியைக் காகிதத்தில் கொட்டி மடித்தார்.

"ஐயா, அந்த லெட்டர்..."

"ஒரு பிழைகூட இல்லாம அடிச்சிருந்தீங்க" என்றார். பிறகு தன் சோற்றுப் பார்சலைப் பிரித்து, பாதியை என் பக்கம் ஒதுக்கினார்.

வெளியே பஸ் ஹோன் அடித்தது. பஸ் போகட்டும் என்று சாப்பிடக் கை கழுவினேன்.