கண்ணாடிக்காரர் கண்ட கறுப்பு

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கண்ணாடிக்காரர் அந்த முடிவுக்கு வந்தார். இனிமேல் இந்த வீட்டில் கறுப்பு என்றால் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். வாய் நிறைய நுரையோடு அதை அறிவித்ததால் அவர் மனைவி காதில் "கப்பு, கப்பு" என்றுதான் விழுந்தது. ஒரு கப்பைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"கப்பு இல்லம்மா, கறுப்பு! நம்ம டி.வி.யில கறுப்பே இல்ல. நேத்து படத்துல திருடன் இருட்டுல ஒளியறான். சாம்பல் கலர்ல பளிச்சுன்னு நிக்கிறான். எனக்கே தெரியுது, போலீசுக்குத் தெரியாதா?"

கண்ணாடிக்காரர் என்பது தெருவில் அவருக்கு விழுந்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லை வில்லையாக மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். கண் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். மற்ற விஷயங்களில் மனைவியை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் அனுபவம்.

அவளுக்குத் தையல் வேலை. கூடத்தில் பெரிய ஜன்னல். அதை ஒட்டித் தையல் மிஷின். வெளிச்சமும் தெருக்கதையும் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். இரண்டில் எது குறைந்தாலும் அவளுக்குத் தையல் ஓடாது.

அன்றிலிருந்து வீட்டில் டி.வி. பாடம் தொடங்கியது. அவர் நடத்துவார். அவள் தைத்துக்கொண்டே கேட்பாள்.

"சாதா எல்.இ.டி.ன்னா படத்துக்குப் பின்னாடி விளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கும். அதான் கறுப்பு வெளுத்துப் போகுது. ஓலெட் அப்படி இல்ல. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும்."

"ஆம்லெட்டா?"

"ஓலெட்! அணைஞ்ச இடம் சுத்தக் கறுப்பு."

"அணைஞ்சா நம்ம டி.வி.யும் கறுப்பாத்தானே இருக்கு?"

கண்ணாடிக்காரர் மூச்சை இழுத்து விட்டார். படிப்பிக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும்.

"சரி, சுவர் முழுக்கப் படம் விழுற புரொஜெக்டர்னு சொன்னீங்களே, அது என்னாச்சு?"

"அதுக்கு வீடே இருட்டாகணும். உனக்காகத்தான் வேணாம்னுட்டேன்."

"அப்ப ஆம்லெட்டுக்கு இருட்டு வேணாமா?"

அவர் தொண்டையைச் செருமினார். "கொஞ்சமா. இந்த ஜன்னலுக்கு மட்டும் ஒரு பலகை அடிச்சுட்டாப் போதும்."

மிஷின் நின்றது.

"என் ஜன்னலுக்கா?"

"வெளிச்சம் திரையில அடிக்கும்ல. படத்துல கதாநாயகி அழுவா, அவ நெத்தியில நம்ம தெரு சைக்கிள் போகும். மிஷினைச் சமையலறை ஓரமாப் போட்டுக்கலாம். நல்ல லைட்டா மாட்டித் தரேன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். பதில்கள்கூடத் தயாராக இருந்தன. அவள் கத்தவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரிங்க. உங்க கண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் தேனாக. "ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கிழமை கடைக்குப் போவோம். மாத்தி மாத்திக் காட்டச் சொல்றேன். எது ஓலெட்டுன்னு நீங்க சரியாச் சொல்லிட்டா, பலகையை நானே பிடிக்கிறேன், நீங்க ஆணி அடிங்க. தப்பாச் சொன்னா சாதா டி.வி. அப்புறம் என் ஜன்னல் பக்கம் தலைவெச்சுப் படுக்கக்கூடாது."

"எனக்கே கண் பரிட்சையா?" என்று அவர் சிரித்தார். பாவம், இப்படிச் சுலபமாகத் தோற்கப்போகிறாளே என்று அவள்மேல் இரக்கம்கூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. டி.வி. கடையின் பின்னறையில் ஒரு நாற்காலி. அவரை உட்கார வைத்து, துண்டுத் துணியால் கண்ணைக் கட்டினாள்.

"இந்தத் துணி சுத்தக் கறுப்பு இல்ல. லேசா நீலம் ஓடுது" என்றார் அவர், கடைக்காரருக்குக் கேட்கும்படி.

கட்டு அவிழ்ந்தது. எதிரே, ஓரங்களை அட்டை வைத்து மறைத்த திரை. ராத்திரி வானம். நட்சத்திரங்கள். "ம்ம்" என்று தலையாட்டினார். மறுபடியும் கட்டு. ஏதோ கனமாக இழுபடும் சத்தம். கடைக்காரர் முக்கினார். "மெதுவா, மெதுவா, கால்ல போட்டுக்காதீங்க" என்றாள் அவள். கட்டு அவிழ்ந்தது. அதே வானம். அதே நட்சத்திரங்கள்.

"இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷமாக அவர் கேட்ட கேள்வி. நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. கண்களைக் கசக்கிக்கொண்டார்.

"முதல்லதை இன்னொரு தடவை காட்டு."

கட்டு. இழுபறி. முக்கல். வானம்.

"ரெண்டாவது?"

கட்டு. இழுபறி. முக்கல். வானம்.

எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அவர் கடையிலும் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று அவர்களைச் சிடுசிடுத்தவர் அவர். அந்த வாயால் அதை எப்படிச் சொல்வது?

"முதல்லதுதான் ஓலெட்!" என்று எழுந்தே நின்றுவிட்டார். "என்னா கறுப்பு! கிணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி! ரெண்டாவது சாம்பல். அடுப்புச் சாம்பல்!"

கடைக்காரருக்கு இருமல் வந்தது. அந்த மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அட்டையை எடுத்தார். அறையில் இருந்தது ஒரே ஒரு டி.வி.தான், அதுவும் சாதா எல்.இ.டி. அதன் பக்கத்தில், இவ்வளவு நேரம் இங்கும் அங்கும் இழுபட்ட ஒரு மர பெஞ்சு.

"ஏமாத்திட்டே!"

"நான் எங்கங்க ஏமாத்தினேன்? ரெண்டும் ஒண்ணா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கே பலகை வாங்கியிருப்பேனே."

வீட்டுக்கு நடக்கும்போது அவர் விறுவிறுவென்று நாலடி முன்னால் போனார். தெருமுனையில் அவள் அவர் கையைக் கோத்துக்கொண்டாள். "கிணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரின்னு எவ்வளவு அழகாச் சொன்னீங்க! எனக்கே ஒரு நிமிஷம் வாங்கிடலாம்னு தோணிச்சு." எவ்வளவு அடக்கியும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோசித்தால், நியாயமான போட்டிதான். ஒரே ஒரு வார்த்தையில் தவறவிட்ட வெற்றி. அந்த ஆறுதலோடு நெஞ்சை நிமிர்த்தித் தெரு திரும்பினார்.

வாசலில் ஒரு வண்டி நின்றது. இரண்டு பேர் பெரிய அட்டைப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பரவாயில்லையே, இவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்துட்டீங்களே!" என்றார் கண்ணாடிக்காரர்.

"சீக்கிரமா? இந்த எல்.இ.டி.யை அம்மா போன வாரமே வாங்கிட்டாங்க சார். உங்க பரிட்சை முடியட்டும்னு நாங்கதான் காத்துக்கிட்டிருந்தோம்."