இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்கள்

தீயைக் கண்டுபிடித்தவர், சக்கரத்தைக் கண்டுபிடித்தவர், அம்மைக்கு ஊசி கண்டுபிடித்தவர் என்று மனிதகுலத்துக்குத் தொண்டு செய்தவர்கள் சிலர் உண்டு. தத்தம் சக்திக்கு ஏதோ செய்தார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் உரிமை கோரப்படாத சொத்துகள் துறையின் சரிபார்ப்புப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அசையாமல் உட்கார்ந்து, தவறான ஆள் கைக்கு ஒரு காசுகூடப் போகவிடாமல் காத்த மகான், லிஃப்ட் இல்லாத ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வாழ்ந்துவருகிறார் என்பது பலருக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

யாரோ போட்டு மறந்த வைப்புத்தொகை, யாரோ வாங்கி மறந்த பங்குகள் எல்லாம் கடைசியில் அந்தத் துறைக்குத்தான் வந்துசேரும். உரியவர்கள் மனுப்போட்டால் திருப்பித் தருவது துறையின் கடமை. மனுவில் குறை கண்டுபிடித்து மனுவையே திருப்பி அனுப்புவது அவருடைய கடமை. அவர் தம் கடமையைச் செய்ததால் துறைக்குத் தன் கடமையைச் செய்யும் வாய்ப்பே வரவில்லை. அலுவலகத்தில் அவருக்கு ‘ரிட்டர்ன் சார்’ என்று பெயர். ஓய்வுபெற்ற அன்று கொடுத்த பாராட்டுப் பத்திரம் கண்ணாடி போட்டு கூடத்தில் தொங்குகிறது. “ஒரு காசுகூடத் தவறானவர் கைக்குப் போகவில்லை” என்பது அதன் மூன்றாவது வரி.

ஓய்வுக்குப் பின் குடியிருப்போர் சங்கம் அவரைச் சும்மா விடவில்லை, அதாவது அவர் சங்கத்தைச் சும்மா விடவில்லை. “போலிக் கடிதங்களை அறிவது எப்படி” என்று மூன்று மணி நேரம் உரையாற்றினார். உரையின் சாரம் ஓர் அட்டையில் அச்சாகி, பிளாஸ்டிக் உறை போட்டு வீட்டுக்கு வீடு கொடுக்கப்பட்டது. கட்டணம் கேட்டால் போலி. கெடு வைத்து மிரட்டினால் போலி. பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் போலி. கையெழுத்துக்குக் கீழே ஆள் பெயர் இல்லாவிட்டால் போலி. போன் எண் இல்லாவிட்டாலோ, இருந்தும் யாரும் எடுக்காவிட்டாலோ போலி. நடக்காத காரியத்தைச் செய்யச் சொன்னால் சர்வநிச்சயமாகப் போலி. இவற்றில் மூன்று இருந்தாலே காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும். சாரின் வீட்டு அட்டை குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தது.

இந்த நிலையில்தான் அவர் மனைவிக்கு ஒரு கடிதம் வந்தது.

அந்த அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. எட்டு மாதமாகப் படி இறங்கவில்லை. அறுவை சிகிச்சை செய்தால் நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், செலவையும் சொல்லியிருந்தார். அதனால் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பிரித்துப் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“என்னங்க, எங்க அண்ணன் வேலை பார்த்த பேட்டரி கம்பெனி. எனக்குக் கல்யாணம் ஆனப்ப என் பேர்ல நூறு ஷேர் வாங்கிப் போட்டிருக்கான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. அது இப்ப பெருகிக் கிடக்குதாம். நாம வீடு மாறினதுல அவங்க போட்ட தபாலெல்லாம் திரும்பிப் போயிருக்கு, இப்பதான் இந்த விலாசத்தைக் கண்டுபிடிச்சாங்களாம். அறுபது நாளைக்குள்ள ஒரு கையெழுத்து போட்டு அனுப்பினா போதுமாம்.”

அண்ணன் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சார் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கவிழ்த்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றிய கை அப்படியே நின்றுவிட்டது. கோடு போட இடமில்லை. பெயர் சரியாக இருந்தது. கையெழுத்துக்குக் கீழே முழுப்பெயர், பதவி, போன் எண். “இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை, யாரேனும் கேட்டால் தர வேண்டாம்” என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

“போலி,” என்றார் சார்.

“எப்படிங்க? உங்க அட்டையில இருக்கிற ஒண்ணுமே இதுல இல்லையே.”

“அதான். ஒரு தப்புகூட இல்லாம ஒரு ஆபீஸ்ல இருந்து கடிதம் வருமா? முப்பத்தி நாலு வருஷத்துல நான் பார்த்ததில்ல. தப்பே பண்ணக்கூடாதுன்னு உட்கார்ந்து எழுதினவன் திருடனாத்தான் இருக்கணும்.”

“அந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணிப் பாருங்களேன்.”

விசாரணை என்றால் விசாரணை. சார் எண்ணைச் சுழற்றினார். துறையின் மரபுப்படி காத்திருப்பதற்காக நாற்காலியை இழுத்துப்போட்டு, செய்தித்தாளையும் எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள். சாருக்கு வியர்த்துவிட்டது. டக்கென்று வைத்துவிட்டார். மறுநிமிடம் மணி அடித்தது.

“சார், லைன் கட்டாயிடுச்சு. அதான் நானே கூப்பிட்டேன்,” என்றாள் அவள்.

“பார்த்தியா?” என்றார் சார், போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு. “விடமாட்டேங்கறாங்க.”

அம்மா விடவில்லை. தன்னால்தான் இறங்க முடியவில்லை, நேரில் போயாவது பார்த்துவிட்டு வாருங்கள் என்று இரண்டு நாள் சாப்பிடும்போதெல்லாம் சொன்னார். சார் போனார். கடிதத்தில் சொன்ன தெருவில், சொன்ன எண்ணில் கட்டடம் இருந்தது. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. உள்ளே மதியம் ஒன்றரை மணிக்குக் கவுண்டரில் ஆள் இருந்தார். குடிதண்ணீர்க் குவளைக்குச் சங்கிலி இல்லை. வந்தவர்கள் உட்கார நாற்காலி போட்டு அதில் மின்விசிறிக் காற்றும் படும்படி வைத்திருந்தார்கள். ஓர் இளைஞர் எழுந்துவந்து, “உக்காருங்க, பெரியவரே. உங்க வேலை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்” என்றார்.

சார் உட்காரவில்லை. வந்த வழியே விறுவிறுவென்று வெளியேறி பஸ் பிடித்தார்.

“எல்லாம் செட்டு,” என்றார் வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்க. “நடிகர்களை வெச்சிருக்காங்க. எவ்வளவு முதல் போட்டிருக்கானுங்க தெரியுமா?”

விஷயத்தின் தேசிய முக்கியத்துவம் கருதி சங்கத்தின் அவசரக் கூட்டம் சாரின் வீட்டுக் கூடத்திலேயே கூட்டப்பட்டது. பங்குகளின் உரிமையாளர் என்ற முறையில் அம்மா ‘பார்வையாளராக’ அனுமதிக்கப்பட்டார். செயலாளரான மருந்துக்கடைக்காரர் கடிதத்தை நான்கு தடவை படித்தார்.

“எனக்கென்னவோ சரியாத்தான் இருக்குன்னு தோணுது, சார்.”

“உங்களுக்குக் கடைசியா எந்த ஆபீஸ்ல சரியா நடந்துச்சு?”

மருந்துக்கடைக்காரர் நெடுநேரம் யோசித்தார். “எங்கேயும் இல்ல, சார்.”

“அப்ப?”

கடிதம் போலி என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அம்மா கையைத் தூக்கினார். பார்வையாளர்களின் கை கணக்கில் வராது என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. கடிதம் ‘போலி’ என்று சிவப்பில் எழுதிய கோப்புறைக்குள் போய், கோப்புறை பீரோவுக்குள் போய், சாவி சாரின் சட்டைப்பைக்குள் போயிற்று.

நாற்பதாம் நாள் நினைவூட்டல் வந்தது. இந்தத் தடவை படிவத்தை அவர்களே நிரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு குறி வைத்து, தபால்தலை ஒட்டிய பதில் உறையும் வைத்திருந்தார்கள்.

“பேனாவைக் குடுங்க. போட்டுடறேன். போனா என் கையெழுத்துதானே போகுது,” என்றார் அம்மா.

“ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கான். சொந்தக் காசுல. உலகத்துல யாராவது செய்வாங்களா? உன்னை ஏமாத்தவிட்டுட்டு நான் எதுக்கு இருக்கேன்?”

அதில் பொய் இல்லை. மனைவியை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று அவர் உண்மையாகவே பயந்தார். அன்றிரவு எழுந்து பீரோ பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார், முழங்கால் வலியில்.

அறுபது நாள் முடிந்து மூன்றாவது கடிதம் வந்தது. பதில் வராததற்கு வருந்துவதாகவும், சட்டப்படி பங்குகளை உரிமை கோரப்படாத சொத்துகள் துறைக்கு மாற்றிவிட்டதாகவும், இனி அங்கேதான் மனுச் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தது. துறையின் பெயரைப் பார்த்ததும் சாரின் முகம் மலர்ந்தது.

“நம்ம டிபார்ட்மெண்டுக்கா போயிருக்கு? அப்ப ஷேர் நிஜந்தான். இனிமே கவலையை விடு. பத்திரமான இடம்.”

அம்மா அவரையே பார்த்தார்.

சார் தம் கையாலேயே மனு எழுதி, தாமே எடுத்துக்கொண்டு போனார். அவருடைய பழைய நாற்காலியில் இருந்த புதிய பிரிவுத் தலைவர் எழுந்து நின்றார்.

“ஐயா போட்டுக் குடுத்த பாதையிலதான் இன்னிக்கும் போயிட்டிருக்கோம். ஒரு எழுத்தை மாத்தல.”

“நம்ம வீட்டு மனு. கொஞ்சம் பார்த்து...”

“ஐயா மனுன்னா விதியை இன்னும் கண்டிப்பாப் பார்ப்போம். இல்லேன்னா ஐயாவுக்குத்தானே கெட்ட பேரு?”

சாருக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் தமக்குத் தாமே தலையாட்டிக்கொண்டு வந்தார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் துறையின் பழுப்பு உறை வந்தது. அம்மா ஜன்னலோரம் அதைப் பிரித்து, நிதானமாகப் படித்தார். மதியம் வரை போனும் கையுமாக இருந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடந்துபோய், குளிர்பதனப் பெட்டிக் கதவிலிருந்த அட்டையை உரித்து எடுத்துக்கொண்டு வந்தார். எட்டடி தூரம்தான், கால்மணி நேரம் ஆயிற்று. உட்கார்ந்து, கடிதத்தை ஒரு தொடையிலும் அட்டையை ஒரு தொடையிலும் வைத்துக்கொண்டார்.

“இங்க வாங்க. இது போலி.”

“என்ன உளர்றே? குடு பார்ப்போம்.”

“நானே படிக்கறேன். பரிசீலனைக் கட்டணம் கட்டணுமாம். பதினஞ்சு நாள்ல பதில் வரலேன்னா உரிமை ரத்தாம், ஆனா கடிதத்துல போட்டிருக்கிற தேதிக்கு இன்னியோட பதினெட்டு நாள் ஆச்சு. என் பேர் இருக்க வேண்டிய இடத்துல எங்கப்பா பேர். கீழே புழு நெளிஞ்ச மாதிரி ஒரு கையெழுத்து, பேரு இல்ல. போன் நம்பர் ஒண்ணு இருக்கு, காலையில இருந்து அடிச்சுப் பார்த்துட்டேன்.”

“லஞ்ச் டைமா இருக்கும்.”

“காலையில இருந்துன்னு சொன்னேன். கடைசியா இதையும் கேளுங்க. ஷேர் வாங்கிக் குடுத்தவர் நேர்ல வந்து சாட்சிக் கையெழுத்து போடணுமாம். அவர் இறந்திருந்தா, இறந்த பிறகு ஷேரைத் தர்றதா இறக்கறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்த சம்மதக் கடிதம் வேணுமாம். எங்க அண்ணன் அப்படியொரு கடிதம் எழுதிட்டா செத்தான்?”

சார் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு வரி விடாமல் படித்தார். கடைசி நிபந்தனைக்கு வந்ததும் அவரையறியாமல் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

“இது அசல்டி. சந்தேகமே வேண்டாம். இந்தக் கடைசி நிபந்தனை என் சொந்த வாசகம். சர்வீஸ்ல சேர்ந்த எட்டாவது வருஷம் போட்டேன். இதைத் தாண்டி இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் வந்ததில்ல.”

அம்மா கூடத்துச் சுவரில் தொங்கிய பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்தார்.

“தப்பான ஆளுக்கு ஒரு காசு போகலைன்னு போட்டிருக்காங்க. சரியான ஆளுக்கு எவ்வளவு போச்சு?”

எந்தக் கோப்பு எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று இன்றைக்கும் ஒப்பிக்கக்கூடியவர் சார். ஆனால் அந்த ஒரு தொகைக்குத் துறையில் பதிவேடே கிடையாது.

அம்மா அட்டையின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“மூணு இருந்தாலே போலீஸ்ல புகார் குடுக்கணும்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. இதுல ஆறும் இருக்கு. நானே எழுதிடுவேன். நாப்பது வருஷமா உங்க பேரைச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல. யார் மேல புகார்ங்கிறதை மட்டும் நீங்களே எழுதிடுங்க.”

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினார்.