இருபத்தொன்றாவது தட்டில் ஒரு கார்

ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்துவிட்டால் அதை நாலு பேருக்குக் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி இது. ஏழாம் வகுப்பில் தெர்மாகோலில் கலங்கரை விளக்கம் செய்து, பள்ளிக்கூடத்தில் காட்டியது போதாதென்று பஸ் கண்டக்டருக்கும் காட்டியவன் நான். (அவர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்.) அப்போதே யாராவது என் முதுகில் ரெண்டு சாத்தியிருந்தால் என் தங்கை சுமதியின் நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் எனக்கு இருபத்தெட்டு வயது. வில்லியனூரில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். பிறந்தநாளோ காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, வருகிற மூஞ்சியை ஒரு வானத்தின் மேல் ஒட்டி அனுப்புவது என் உத்தியோகம். கடையில் பெயர்ப்பலகையும் செய்வோம். வெட்டியது போக மிஞ்சும் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் துண்டுகளை முதலாளி குப்பையில் போடுவார். நான் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு பாகூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வருவேன். அந்தத் துண்டுகளில் வண்டிகள் செய்வேன்.

பெட்டியில் வரும் பாகங்களைப் பிரித்து ஒட்டுகிற வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். (அப்படி நினைத்த ஒருவரோடு நான் ஆறு மாதம் பேசவில்லை.) வெறும் ஷீட்டில் அளவெடுத்து, கோடு போட்டு, பிளேடால் கீறி, மடக்கி ஒடித்து, ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சக்கரம் முதல் ஸ்டியரிங் வரை நானே செய்வேன். டிராக்டர், டவுன் பஸ், பால் வண்டி எல்லாம் என் அலமாரியில் வரிசையாக நின்றன. பார்க்கத்தான் ஆள் இல்லை.

அந்த நேரத்தில் சுமதிக்கு ஏம்பலத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் முரளி. ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சுமதி அவருடைய போட்டோவை என்னிடம் போனில் காட்டினாள். ஒரு வெள்ளைக் காரின் மேல் சாய்ந்துகொண்டு கூலிங் கிளாஸோடு நின்றார்.

"அவருக்குக் காருன்னா உசிருண்ணே," என்றாள், பாதி வெட்கமும் பாதி பெருமையுமாக.

போதாதா? எனக்கு அந்த நிமிஷமே கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளைக்கு அதே காரை என் கையால் செய்து நிச்சயதார்த்தத்தன்று கொடுப்பது என்று முடிவு செய்தேன். சபையே மூக்கின் மேல் விரல் வைக்க வேண்டும்.

மூன்று மாதம் வீட்டில் ஒரு பொருளும் தப்பவில்லை. காரின் அளவை இணையத்தில் எடுத்து, பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்து, ஒரு அடிக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டேன். கூரையின் வளைவுக்கு ஷீட்டை அம்மாவின் இட்லிப் பானை ஆவியில் காட்டி பூரிக்கட்டையில் வளைத்தேன். (அடுத்த ஒரு வாரம் இட்லியில் பேனர் கடை வாசம் வந்தது.) ஹெட்லைட்டுக்கு அம்மாவின் சர்க்கரை மாத்திரை அட்டையிலிருந்த கண்ணாடி மாதிரியான குமிழ். முன்பக்க வலைக்கு டீ வடிகட்டி. அச்சுக்கு ரீஃபில். கதவுக்குக் கீல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் பரண்மேல் அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடி அகப்பட்டது. ஒரு பக்கம் லேசாகக் கீறல் விழுந்திருந்தது, அவ்வளவுதான். அதன் ரெண்டு கீல்களையும் கழற்றி முன்கதவுகளில் பொருத்தினேன். மூக்குக்கண்ணாடிக்கு ரெண்டு கீல்தானே உண்டு? அதனால் பின்கதவு ரெண்டும் வெறும் கோடுதான். நம்பர் பிளேட்டில் பொடி எழுத்தில் 'முரளி - சுமதி' என்று எழுதினேன். வெள்ளை பெயின்ட் அடித்து, பாலீஷ் போட்டு, மேசை மேல் வைத்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

நான் இப்படி உள்ளே தேய்த்துக்கொண்டிருந்த நாட்களில் வெளி அறையில் என்ன நடந்தது என்பதை இப்போது சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து கார் கேட்டிருக்கிறார்கள். என்ன கார், என்ன கலர் என்றெல்லாம் தெளிவாகக் கேட்டிருக்கிறார்கள். அந்த போட்டோவே பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஷோரூமுக்குப் போய் எடுத்ததாம்! அப்பா கைகூப்பி, "பைக்குதாங்க நம்மால முடியும்," என்று கெஞ்சி, அவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு யாரும் சொல்லவில்லை என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அம்மா என் அறை வாசலில் நின்று சொன்னாள்.

"டேய், நிச்சயம் முடியற வரைக்கும் காருன்னு யாரும் வாயத் தொறக்காதீங்க. பைக்குன்னு பேசி முடிச்சிருக்கு. மாப்ளயோட அம்மா இன்னும் கொதிச்சிக்கினுதான் கீது. இன்னா, காதுல வுழுதா?"

"ம்," என்றேன். அப்போது என் கட்டைவிரல் பானெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எருமை மாட்டின் மேல் பெய்த மழை என்பார்களே, அந்த எருமையாவது கொஞ்சம் நனைந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் வரிசைத் தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். பழம், பூ, பலகாரம், வேட்டி சட்டை என்று அம்மா இருபது தட்டு சேர்த்துவிட்டு இன்னொன்றுக்குத் தவித்தாள். "இருபத்தொண்ணாவது தட்ட எங்கிட்ட வுடு," என்றேன். டவுனிலிருந்து கேக் வாங்கி வருவேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் காரைத் தட்டில் வைத்து, மற்ற தட்டுகளைப் போலவே ஜிகினாத் தாள் சுற்றி, உள்ளே என்ன என்று எட்டிக்கூடப் பார்க்க முடியாதபடி கட்டினேன். அப்படி ஒரு நேர்த்தி.

நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்தில் பத்தரை மணிக்குத் தட்டுகளை மேடையில் பரப்பினார்கள். மைக் பிடித்தது எங்கள் சித்தப்பா. மைக் கிடைத்தால் அவருக்குப் பிரசாதம் கிடைத்த மாதிரி. ஒவ்வொரு தட்டாக அவர் அறிவிக்க, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாங்கி வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு தட்டையும் எடை போட்டுக்கொண்டிருந்தார். கடைசித் தட்டுக்கு நானே துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். 'மணமகளின் அண்ணன் தன் கரங்களால் உருவாக்கிய கார் மாடல்.' சித்தப்பா அதைப் பார்த்தார். சொந்த நடையில் சொன்னார்.

"தட்டு இருபத்தொண்ணு! மாப்பிள்ளைக்கு, பொண்ணோட அண்ணன் கையால செஞ்ச கார் பொம்மை!"

எங்கள் வரிசையில் ரெண்டு பேர் கைதட்டினார்கள். அம்மா தலையில் கைவைத்தாள். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. ஜிகினாத் தாளை என் கையாலேயே உரித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார்.

"அதே காரு. அதே வெள்ள. பாத்துப் பாத்து செஞ்சிருக்கானுங்க," என்றார்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். சத்தியமாக. "மூணு மாசம் ஆச்சுங்க," என்று அடக்கமாகச் சொன்னேன்.

"நாங்க காரு கேட்டோம். முடியாதுன்னீங்க. சரின்னு வுட்டோம். அதுக்கு ஊரக் கூட்டி வெச்சி, மைக்குல சொல்லி, பொம்மையக் குடுத்து அசிங்கப்படுத்துவீங்களா?"

இந்த இடத்தில் தலையில் மசாலா உள்ள எவனும் காலில் விழுந்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சித்தப்பா சொன்ன 'பொம்மை' என்ற வார்த்தை எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"பொம்மை இல்லீங்கம்மா, மாடல். பன்னண்டுல ஒரு பங்கு. அளவெல்லாம் கரெக்டா இருக்கும். கதவுகூட தொறக்கும், பாருங்க," என்று திறந்து காட்டினேன்.

"கதவு தொறக்குதாம்! ஏறிக் குந்திக்கினு வூட்டுக்குப் போய்டட்டா?" அந்தக் கோபத்திலும் அவர் நகத்தால் பின்கதவை நெம்பினார். "இது தொறக்கலியே?"

"அதுக்குக் கீல் பத்தலைங்க," என்றேன்.

மண்டபத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். "எழுந்திரிங்கடி, போலாம்," என்று அவர் சொல்ல, நாற்காலிகள் கரகரவென்று பின்னால் நகர்ந்தன. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மணமகள் அறையின் வாசலில் சுமதி பாதி சிங்காரத்தோடு நின்றாள். ஒரு காதில்தான் ஜிமிக்கி இருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அந்தப் புண்ணியவான் குனிந்து, காரின் உள்ளே இருந்த ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. 'நல்லா இருக்கும்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அப்பா மேடைக்கு வந்தார். என்னைக் கையால் ஓரமாகத் தள்ளினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த அம்மாள் முன்னால் நின்றார்.

"கொழந்தம்மா, தெரியாம பண்ணிட்டான். மனசுல வெச்சிக்காதீங்க. கல்யாணத்துக்குள்ள காரு எடுத்துக் குடுத்துடறோம்."

சித்தப்பா மைக்கை அணைக்கவில்லை. அப்பாவின் பேச்சு ரோடு வரைக்கும் கேட்டது. சபையில் சொன்னதை இனி யார் திரும்ப வாங்குவது? நாற்காலிகள் மறுபடி முன்னால் நகர்ந்தன. தாம்பூலம் மாற்றினார்கள். பந்தியில் வடை பாயசத்தோடு சாப்பிட்டார்கள். நான் குழந்தை என்று அறிவிக்கப்பட்டதால் யாரும் என்னை அடிக்கவில்லை.

சாயந்திரம் வீட்டில் சுமதி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "உனக்கு எம்மேல இன்னாண்ணே கோவம்?" அவள் கல்யாணத்தைவிட அந்த வண்டியை நாலு பேர் பார்ப்பது எனக்கு முக்கியமாக இருந்தது. அதுதான் உண்மை. அதைச் சொல்ல அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

ஏரிக்குக் கீழே எங்களுக்கு முக்கால் காணி கழனி இருந்தது. எங்களுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அப்பா அதை விற்றார். பத்திரப் பதிவுக்குப் போகிற அன்று காலையில் அவருடைய மூக்குக்கண்ணாடியின் மேல் அவரே உட்கார்ந்துவிட்டார். "பரணுமேல பழசு ஒண்ணு இருந்துதே, எடுடா," என்றார். பரண் மேல் ஏறி, தேடுவதுபோல் தேடி, "காணோம்பா," என்றேன். பதிவு அலுவலகத்தில், நான் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. வெள்ளைக் கார் ரிப்பன் கட்டிக்கொண்டு ஏம்பலம் போனது. நாலு கதவும் திறந்தது. நாலே வருஷத்தில் மாப்பிள்ளையின் கம்பெனியை மூடிவிட, காரை விற்றுவிட்டார்கள். சுமதி இப்போது பஸ்ஸில்தான் வருகிறாள். என் கார் மட்டும் அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக நிற்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அந்த அம்மாள் காட்டுகிறாராம்: "எங்க சம்பந்தி வூட்டுல குடுத்தது. கதவுகூட தொறக்கும்." கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழித்து மாப்பிள்ளை என்னைத் தனியே இழுத்து, "சூப்பரா செஞ்சிருந்தீங்க மச்சான்," என்று காதோடு சொன்னார். காதைக் கடித்துவிடலாமா என்றிருந்தது.

எங்கள் வீட்டுக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். சுமதியின் வளைகாப்பில் சித்தப்பா தொடங்கி வைத்தார். நான் எதை வாங்கினாலும், எதைச் செய்தாலும், "கதவு தொறக்குமா?" என்று யாராவது கேட்பார்கள். உடனே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஃப்ரிட்ஜ் வாங்கியபோது கேட்டார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் சித்தப்பா கேட்டுத் தொலைத்து, பெண் வீட்டார் திருதிருவென்று விழித்தார்கள். அப்பாவும் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அதற்குப் பிறகு நான் ஒரு மாட்டு வண்டிகூடச் செய்யவில்லை.

கழனியை வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்று, அவர் மனை போட்டார். விற்பனை பேனருக்கான ஆர்டர் எங்கள் கடைக்குத்தான் வந்தது. நீல வானம், ஒரு வீடு, சிரிக்கிற குடும்பம், பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார். நானே செய்து கொடுத்தேன்.

போன தை மாதம் அப்பா, "கழனிப் பக்கம் போய் வரலாமா?" என்றார். விற்ற பிறகு அவர் அந்தப் பக்கமே போனதில்லை. பைக்கில் அழைத்துக்கொண்டு போனேன். சுற்றிலும் மதில் எழுப்பி, முன்னால் பெரிய இரும்பு கேட் போட்டிருந்தார்கள். பூட்டியிருந்தது. உள்ளே நெல் இருந்த இடமெல்லாம் மஞ்சள் கல் நட்டிருந்தது. மேலே என் பேனர் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு, வரப்பு ஓடிய திசையில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, கதவு தொறக்குமா?"

நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு வீடே சிரிக்கும். அங்கே அப்பா மட்டும்தான் சிரித்தார்.