தொட்டி வெளுத்துவிட்டது, தங்கையை அனுப்பவும்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் நான்கு சுவர்களும் நலம். அங்கு தாங்களும் வீட்டம்மாவும் பிள்ளைகளும், முக்கியமாகத் தங்கள் தங்கையும், நலமாயிருக்க வேண்டுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் வீட்டுப் போனை ஓடிப்போய் எடுப்பவள் அவள். என் குரல் கேட்டதும் பட்டென்று வைப்பவளும் அவளே. ஆகவே கடிதம்.

அவள் என்னோடு கோபித்துக்கொண்டு அங்கு வந்த காரணம் தங்களுக்குத் தெரியும். எங்கள் சமையலறைக் குப்பைத் தொட்டி. வெள்ளை பிளாஸ்டிக் வேண்டாம், அழுக்குத் தெரியும் என்று வாங்கும்போதே சொன்னேன். தெரியத்தான் வாங்குகிறேன் என்றாள். உள்ளே பை போடாமல் தேயிலைச் சக்கையை ஈரத்தோடு கொட்டுவது என் வழக்கம். குப்பைக்கு எதற்குச் சட்டை என்பது என் கட்சி. தொட்டி பழுப்பேறிப் போனது. "இது வெளுக்குற அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

மச்சான், வெளுத்துவிட்டது! முதலில் சோப்புத் தண்ணீர் போட்டேன், கறை கல்லுளிமங்கன் மாதிரி அசையவே இல்லை. கம்பி நாரால் தேய்த்தேன், கறை அப்படியே இருக்க, பூனை பிறாண்டினாப்போலக் கீறல்தான் மிச்சம். அப்புறம் சமையல் சோடாவைத் தூவி மேலே வினிகரை ஊத்தினேன் பாருங்க, பொங்கிச்சு பொங்கிச்சு, கூடம் வரைக்கும் நுரை. அதைத் துடைக்கப்போய் வழுக்கி நான் உட்கார்ந்தது தொட்டி மூடி மேல, மூடியில விரிசல் விட்டுடுச்சு. எல்லாத்தையும் கழுவிட்டு ப்ளீச்சிங் பவுடர்ல ஊறவெச்சேன். என் நீலச் சட்டை வெளுத்தது, தொட்டி வெளுக்கலை. வெறுத்துப்போய் மொட்டை மாடியில வெயில்ல கவிழ்த்துட்டு வந்துட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனா, பால் வெள்ளை! கறை போனது மட்டுமா, கீறலும் போயிடுச்சு, விரிசல் விட்ட மூடிகூட ஒட்டிக்கிச்சு மச்சான்! வெயிலுக்கு இவ்வளவு சக்தியான்னு அசந்துபோயிட்டேன். காலமெல்லாம் கிடங்கில் சரக்குச் சரிபார்த்தவன் நான். ஒரு சாமான் மாறி என் கண்ணைத் தாண்டிப் போனதில்லை. அந்தக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன், நம்புங்கள்.

அவ இல்லாம வீடு நல்லாவே இல்லை. திட்ட ஆளில்லாம, டீக்குச் சர்க்கரை போட்டேனா இல்லையான்னுகூடத் தெரியலை. தயவுசெய்து அவளை உடனே காலை வண்டியில் ஏற்றிவிடவும்.

வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, பை போட்ட தொட்டியில் குப்பை போட்டு, நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தங்கை கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மேல்வீட்டுத் தையல்கார அம்மா கையில் ஒரு தொட்டியோடு வந்தார். "சார், உங்களுதைப் பார்த்து அதே மாதிரி நானும் புதுசா வாங்கினேன். பிளாஸ்டிக் வாடை போகட்டும்னு மாடியில காயவெச்சா, வெயில் பட்டு இப்படிப் பழுப்பாயிடுச்சு! கீறல் வேற, மூடியில விரிசல் வேற. உங்களுது மட்டும் எப்படி சார் பளபளன்னு இருக்கு?" என்றார். பளபளவென்றிருந்த அவருடையதை அவரிடம் கொடுத்துவிட்டேன். என்னுடையது என் எதிரே உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. ஆகவே தங்கையை அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தின் பின்னாலேயே நான் அங்கு கிளம்பி வருகிறேன். தங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியை மட்டும் என் கையில் படாமல் எங்காவது ஒளித்துவைக்கவும்.