இலவசப் புல்லாங்குழல்

பாட்டுக்குக் காசு கொடுப்பவன் பைத்தியக்காரன் என்பது போட்டோ ஸ்டுடியோக்காரரின் அசைக்க முடியாத தீர்மானம். ஆள் நல்லவர்தான். அடுத்தவர் வீட்டுக் குண்டூசியைக்கூடத் தொடமாட்டார். ஆனால் இணையத்தில் கிடக்கும் பாட்டென்றால் மட்டும், ஊரான் வீட்டு நெய்யே என்று அள்ளிக்கொள்வார்.

மனைவி ஒரு புல்லாங்குழல் இசைத்தொகுப்பை ஆசையாகக் கேட்டாள். வாசித்த அம்மாளே தன் தளத்தில் அதை விற்றுக்கொண்டிருந்தார்.

"காசா? பத்து நிமிஷம் பொறு," என்றார் ஸ்டுடியோக்காரர்.

அந்தப் பத்து நிமிஷம் பொழுது சாயும்வரை நீண்டது. கம்ப்யூட்டரில் எங்கே தொட்டாலும் வழுக்கைக்கு மருந்து விளம்பரம் குதித்தது. அதையெல்லாம் தாண்டி ஒருவழியாகப் பாட்டைப் பிடித்துவிட்டார். குழல் உருகிக்கொண்டிருக்கும்போதே, நடுவில் ஒரு கட்டைக்குரல் ஏதோ ஒரு தளத்தின் பெயரைச் சொன்னது.

"யாருங்க அது?"

"ஓசியில வந்தா அப்படித்தான். கண்டுக்காதே."

"வாசிச்சவங்க பாவம் இல்லையா?"

"என்ன பாவம்? நான் எடுத்ததால அவங்ககிட்ட அது இல்லாம போயிடுச்சா? நாலு பேர் கேட்டா அவங்களுக்கும் பேர்தானே?"

"உங்க மூளையே மூளை," என்றாள். அவரும் நம்பிவிட்டார்.

அடுத்த வாரம் எதிர்வீட்டு டீச்சர் அவரைக் கூப்பிட்டு, அவர் எடுத்த தங்கள் குடும்பப் படம் கூடத்தில் மாட்டியிருந்ததைக் காட்டினார். ஸ்டுடியோக்காரர் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். காசு கைக்கு வரும்வரை, எல்லார் முகத்துக்கும் குறுக்கே தன் ஸ்டுடியோ பெயரைப் போட்டுத்தான் மாதிரிப் படம் அனுப்புவது அவர் வழக்கம். இந்தப் படமோ துடைத்துவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தது.

"உங்க வீட்டம்மாதான் கேட்ட உடனே எடுத்துக் குடுத்தாங்க. தங்கமான மனசு," என்றார் டீச்சர்.

அவர் வீட்டுக்கு ஓடினார்.

"டீச்சர் படத்தை நீயா குடுத்தே?"

"ஆமாங்க."

"காசு?"

"நான் குடுத்ததால உங்க கம்ப்யூட்டர்ல அது இல்லாம போயிடுச்சா?"

ஸ்டுடியோக்காரர் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

"அந்த வாண்டு சிரிக்கணும்னு மண்டி போட்டு, குரங்குச் சேட்டை பண்ணி எடுத்த படம்டி அது. முழங்கால் இன்னும் வலிக்குது."

"அந்தம்மாவும் மூச்சைப் பிடிச்சுத்தானே ஊதியிருப்பாங்க? அது இருக்கட்டும். மாடி வீட்டுலயும் அவங்க படத்தைக் கேக்கறாங்க. குடுத்துடவா? நாலு பேர் பாத்தா உங்களுக்கும் பேர்தானே?"

தெரு முழுக்க இப்படிப் பேர் எடுத்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் கோபத்தையும் மீறி அவருக்குப் பெருமையாக இருந்தது. அவர் சொன்னதையே பத்திரமாக வைத்திருந்து, ஓர் எழுத்துக் குறையாமல் திருப்பிக் கொடுக்கிறாளே. வக்கீலுக்குப் படித்திருந்தால் எந்த நீதிபதியும் தப்பியிருக்க மாட்டார்.

உட்கார்ந்தார். முழு விலை கொடுத்துத் தொகுப்பை வாங்கினார். இப்போது குறுக்கே யாரும் பேசவில்லை. குழல் அறை முழுக்க நிறைந்தது. இவ்வளவு அழகான வாசிப்பையா திருடிக் கேட்டோம் என்று வெட்கமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வாங்கிட்டேன். திருப்திதானே? இப்பவாவது போய் டீச்சர்கிட்ட படத்துக்குக் காசு கேளு."

"அவங்க படம் வாங்கினப்பவே குடுத்துட்டாங்களே."

"குடுத்துட்டாங்களா? அந்தக் காசு எங்கே?"

"அதுலதான் இந்தப் பாட்டை நான் அன்னைக்கே வாங்கிட்டேன். இப்ப நீங்க வாங்கினது உங்க மனசாட்சிக்கு."